கடுக்கனுக்கு மரியாதை சொல்லிக் கொடுத்த கதை

குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்க்கிற தூரத்தில் பூவாணிக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ரேடியோ செட்டு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி மூன்று பேரைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் யாரும் அவர்களிடம் ஒரு வேலையைச் சுருக்கமாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர், “தம்பி, காது போகுது, குழாயைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க” என்றார். அவர்களும் மர உச்சியில் இருந்த ரேடியோக் குழாயை இறக்கி, அவர் காதுக்கு நேரே கட்டிவிட்டு, போதுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது பெரியவர் காதில் விழவில்லை.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் அவர்களுடைய அப்பா ஒரு குறையும் வைக்கவில்லை. மூத்தவன் ஞானமுத்து, நடுவுள்ளவன் அறிவுடைநம்பி, கடைக்குட்டி புத்திசிகாமணி. இருந்த ஞானமும் அறிவும் புத்தியும் பெயர் வைப்பதற்கே சரியாகப் போய்விட்டது.

அதற்காக அவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள். நாமெல்லாம் பேசும்போது பாதியைத்தான் வாயால் சொல்கிறோம். யார், எதை, எங்கே என்பதையெல்லாம் கேட்கிறவன் தானாகப் போட்டுக்கொள்வான் என்று விட்டுவிடுகிறோம். இந்த மூவரும் அடுத்தவர் பேச்சில் சொந்தமாக எதையும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அது அவர்களுக்குக் கலப்படம் செய்வது மாதிரி.

ஞானமுத்துவுக்கு முன்மண்டை லேசாக வெளுக்க ஆரம்பித்தும் கல்யாணம் ஆகவில்லை. போன இடத்திலெல்லாம் கேசரியைக் கொடுத்து, “ஊருக்குப் போங்க, சொல்லி அனுப்புதோம்” என்றார்கள். தம்பிகள் இரண்டு பேரும், சொல்லிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஞானமுத்து மட்டும் போக மாட்டான். பட்டுப் பட்டு, இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் அவனுக்கு அர்த்தம் புரிந்துபோயிருந்தது.

கடைசியாகப் பார்த்த பெண் செண்பகவடிவு. கீழச்செழியூர் பேச்சிமுத்துவின் மகள். பேச்சிமுத்து சுத்தத்துக்கும் முறைக்கும் பேர் போனவர்; சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அந்தச் சோப்பையும் ஒருமுறை கழுவி வைக்கிறவர். மகள் அப்படியில்லை. தெருவில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து வளர்த்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காதில் மட்டும் வெள்ளைப் புள்ளி, அதனால் கடுக்கன் என்று பெயர். குட்டிப் பருவம் தாண்டி, காலைத் தூக்கப் பழகிய இளவட்டம். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். வா என்றால் வேறு பக்கம் பார்க்கும். அப்பாவுக்கும் அதற்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போகவில்லை.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு, கடுக்கன் நேராக வந்து ஞானமுத்துவின் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டது. அவன் இழுக்கவில்லை. நாய் விடுகிற வரைக்கும் அது போகிற பக்கமெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தான். அதைப் பார்த்துச் செண்பகவடிவு சிரித்தாள். அவனைப் பார்த்து நிறையப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். இவள் சிரித்தது அவனுக்கு வலிக்கவில்லை. இவளைக் கட்டிக்கொள்ள முடியாவிட்டால் இனி யாருடைய கேசரியும் வேண்டாம் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டான்.

அவளும் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

“இவனை உங்க வீட்டுல கொண்டுபோய் வச்சிக்கிடுங்க. நாங்க வீடு பாக்க வரும்போது, இவன் வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகாம, சொன்னா வெளிய போய்ப் பழகி, வாரவங்ககிட்ட மரியாதையா நடந்துக்கிட்டான்னா எனக்குச் சம்மதம். ஒரு நாயை வழிக்குக் கொண்டுவரத் தெரியாத வீட்டுக்கு நான் வந்து என்ன செய்ய?”

கிளம்பும்போது பக்குவமும் சொல்லிக் கொடுத்தாள். சாப்பிட்டதும் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே வார்த்தையை, ஒரே மாதிரி, அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னபடி செய்தால் உடனே தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கு ஒன்றைப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும்போது மூன்று பேரும் அவரவர் பங்கை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் சாப்பாடு முடிந்தது. கை காய்வதற்குள் சிகாமணி அண்ணன்மார் இருவரையும் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். பிறகு தானும் சாப்பிட்டவன்தானே என்று ஞாபகம் வந்து, தன்னையும் கூட்டிக்கொண்டு போனான். மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். என்ன செய்ய வேண்டும் என்று செண்பகவடிவு சொல்லவில்லை. நேரம் போனது. உள்ளே தனியாக இருந்த கடுக்கன், ஆம்பிளிபயர் பெட்டியைச் சுற்றி முகர்ந்து பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, காலைத் தூக்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, கூட்டிக்கொண்டு போக வேண்டியது நாயை என்று விளக்கினார். மறுநாளிலிருந்து நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடுக்கனுக்கு ஒரே சந்தோஷம். வெளியே போய்க் காற்று வாங்கும், அணிலைப் பார்த்துக் குரைக்கும், வேப்பம்பழத்தை உருட்டும். எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து, வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும்தான் வந்த வேலை அதற்கு ஞாபகம் வரும்.

ஞானமுத்துவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. டீக்கடை இசக்கியிடம் போய் யோசனை கேட்டான். இசக்கி டீயை ஆற்றிக்கொண்டே, அது போன இடத்தில் மூக்கை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும், இரண்டு தடவை தேய்த்தால் அப்புறம் அந்தப் பக்கமே போகத் தோன்றாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மூவரும் அந்த ஈரத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“யாரு மூக்கைன்னு சொன்னாரா அண்ணே?” என்று கேட்டான் நம்பி.

“சொல்லலடே. மூக்கைன்னு மட்டும்தான் சொன்னாரு.”

“ஒருவேளை நாய் மூக்கா இருக்குமோ?” என்றான் சிகாமணி.

ஞானமுத்து பதறிப்போனான். “நாய்க்கு மூக்குதான்டே சொத்து. தேய்ச்சுத் தேய்ச்சு அது தேஞ்சு போச்சுன்னா, அந்தப் பிள்ள வந்து மூக்கு எங்கன்னு கேட்டா என்ன சொல்ல? நம்ம மூக்கு தேஞ்சா யாரு கேக்கப் போறா?”

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மூத்தவன் என்ற முறையில் ஞானமுத்து முதலில் தேய்த்தான். பிறகு நம்பி, பிறகு சிகாமணி. சிமிண்டுத் தரை சும்மா விடுமா? தோல் உரிந்து மூன்று மூக்கும் பழுத்த மிளகாயாகிவிட்டது. கடுக்கன் எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து வேடிக்கை பார்த்தது. மனசு கேட்காமல் எழுந்து வந்து ஒவ்வொரு மூக்கையும் நக்கிக் கொடுத்தது.

இசக்கி சொன்னது அப்படியே பலித்தது. இரண்டு தடவை தேய்த்த பிறகு அந்தப் பக்கமே போகத் தோன்றாமல் போனது, அண்ணன் தம்பி மூன்று பேருக்கும்.

அடுத்தது நம்பியின் முறை. ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சொல்ல வேண்டும் அல்லவா, அது என்ன வார்த்தை என்று செண்பகவடிவு சொல்லவில்லை. ‘வெளிய போ’ என்று சொல்லலாம் என்றான் நம்பி. ஞானமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் வளர்கிற ஒரு பிள்ளையைப் பார்த்து யாராவது ‘போ’ என்பார்களா? போனவன் வராமலே போய்விட்டால் என்ன செய்வது? நல்ல குடும்பத்தில் ‘போயிட்டு வா’ என்றுதான் சொல்வார்கள்.

“அது ரெண்டு வார்த்தைல்லா?” என்றான் சிகாமணி. “ஒரே வார்த்தைன்னு சொல்லியிருக்காங்க.”

சாயங்காலம் வரைக்கும் யோசித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் நம்பிக்குத்தான் வழி தோன்றியது. மூச்சு விடாமல் சொன்னால் ஒன்றாகிவிடும். ‘போயிட்டுவா’. சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றாகத்தான் இருந்தது.

அழுத்தமாகச் சொல்வது எப்படி என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. பரம்பரையாக அழுத்தத்தை வாடகைக்கு விடுகிறவர்கள். நடு வீட்டில் உத்தரத்தில் பெரிய குழாயைக் கட்டினார்கள். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக நம்பியின் குரலைப் பதிவுசெய்து வைத்தார்கள். கடுக்கனைக் குழாய்க்கு நேர் கீழே நிறுத்திவிட்டு, சத்தம் வைக்கிற திருகாணியை அது சுற்றுகிற மட்டும் சுற்றினார்கள்.

“போயிட்டுவா” என்றது குழாய்.

ஓட்டில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. பக்கத்து வீட்டில் பால் சட்டி உருண்டது. கடுக்கனுக்கு உயிரே கலங்கி, நின்ற இடத்தில் நின்றபடியே ஒண்ணுக்குப் போய்விட்டது. பிறகு நடுங்கிக்கொண்டே வந்து ஞானமுத்துவின் காலடியில் நின்றது.

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. போயிட்டு, வா என்றார்கள், போயிட்டு, வந்துவிட்டது. இத்தனை நாளில் அந்த நாய் கேட்ட முதல் பேச்சு அதுதான். ஞானமுத்து ஓடிப்போய் ஒரு பொறை ரொட்டி எடுத்து நாய்க்குக் கொடுத்தான். தின்ன வேண்டியது யார் என்று சொல்லப்படாததால் பொதுவாகத் தானும் ஒன்று தின்றான்.

ஞானமுத்துவுக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. “வெளிய போகலையேடே” என்றான்.

“நாம வெளியன்னு சொல்லலையே அண்ணே. சொன்னதை மட்டும்தான் செய்யுது. நம்ம வளர்ப்புல்லா” என்றான் நம்பி.

பொழுதன்றைக்கும் குழாய் பாடியது. கடுக்கனுக்குப் பயம் தெளிந்துவிட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கொஞ்ச நாளில் குழாயே தேவைப்படவில்லை. வாயால் சொன்னாலும் போதும், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து, வேலையை முடித்து, பொறைக்கு வந்து நிற்கும். இதிலிருந்த சங்கடம், கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் வாடகை பேச வந்த நாட்டாமை மூலமாகத்தான் தெரிய வந்தது. பேசி முடித்தவர், எழுந்து கும்பிட்டு, “அப்ப நான் போயிட்டு வாரேன்” என்றார். கடுக்கன் பக்கத்தில்தான் படுத்திருந்தது. நாட்டாமை அன்றைக்கு வேட்டியை நனைத்துக்கொண்டு தெருவழியே நடந்து போனார்.

அது மரியாதையில் சேர்த்திதான் என்று நம்பி வாதாடினான். பெரிய மனுஷர் சொல்லிக்கொண்டு போகிறார், அது தன்னால் ஆன பதிலைச் சொல்கிறது. ஆனால் ஞானமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள்ளே போகக் கூடாது என்பதுதானே அவள் பேச்சு? பேச்சிமுத்து வந்துவிட்டுத் திரும்பும்போது போயிட்டு வாரோம் என்று சொல்லத்தானே செய்வார்? அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் கலைந்துவிடும்.

“போனாத்தான அண்ணே சொல்லுவாங்க?” என்றான் சிகாமணி. “போகவிட வேண்டாம்.”

இவ்வளவு எளிதான வழி இத்தனை நேரம் தோன்றவில்லையே என்று ஞானமுத்து தம்பியைக் கட்டிக்கொண்டான்.

மரியாதை சொல்லிக் கொடுக்கிற வேலை பாக்கி இருந்தது. நாயை ‘டேய், வாடா, உக்காருடா’ என்று கூப்பிட்டுக்கொண்டே மரியாதையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அதனால் ‘வாங்க, இருங்க, உக்காருங்க’ என்று ஆரம்பித்தார்கள். உட்காருவது என்றால் என்ன என்று காட்ட, ‘உக்காருங்க’ என்று சொல்லிவிட்டு மூவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார்கள். மெத்தை வைத்த நாற்காலியைக் கடுக்கனுக்கு விட்டார்கள். இந்தப் பாடத்தில் மட்டும் அது பிடிவாதமே காட்டவில்லை.

ஆனி மாதக் கடைசியில், நல்ல சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, வீடு பார்க்க வந்து இறங்கினார்கள். பேச்சிமுத்துவும், செண்பகவடிவின் தாய்மாமாவும், கூடவே செண்பகவடிவும். பெண் வந்து வீடு பார்க்கிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. ஆனால் அவள் வீடு பார்க்க வரவில்லை, நாயைப் பார்க்க வந்தாள். அதற்கு எந்த முறையிலும் தடை இல்லை.

படி ஏறுவதற்கு முன்னாலேயே பேச்சிமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “ஒண்ணும் ஏற்பாடு பண்ணாதீங்க. முடிவாகுற வரைக்கும் நாங்க கை நனைக்கிறதில்ல.”

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிட மாட்டோம் என்பதை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சிகாமணி வானத்தைப் பார்த்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடிக் குடையை எடுத்து வந்து, பேச்சிமுத்துவின் இரண்டு கைகளுக்கும் மேலே பிடித்தான். படியேறி வீட்டுக்குள் வருவதற்குள் பேச்சிமுத்துவின் தலையும் தோளும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன. கைகளில் ஒரு துளி இல்லை.

“உக்காருங்க மாமா” என்றான் ஞானமுத்து, மெத்தை வைத்த நாற்காலியைக் காட்டி.

கடுக்கன் போய் உட்கார்ந்தது.

வந்த மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாய் மரியாதையாக, முதுகை நிமிர்த்தி, முன்காலைச் சேர்த்து வைத்திருந்தது. அதை எழுப்புவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடத்தில் வராததால் யாரும் எழுப்பவில்லை. பேச்சிமுத்து முக்காலியில் உட்கார்ந்தார். செண்பகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அடுத்ததாகப் பேச்சிமுத்துவின் கண் மூக்குகள் மேல் போனது. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தோல் உரிந்த தழும்பு இருக்கிறதே, ஏதாவது தொற்று வியாதியா என்று கேட்டார். சிகாமணி ஒளிவு மறைவு இல்லாத பிள்ளை. நாய் ஒண்ணுக்குப் போன இடத்தில் இரண்டு தடவை வைத்துத் தேய்த்ததை, எந்தெந்த இடம் என்று கையைக் காட்டி விளக்கினான். பேச்சிமுத்து முக்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

ஞானமுத்துவுக்கு விஷயம் கைநழுவுவது தெரிந்தது. நாய் ஒரு தப்பும் செய்யவில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை, யார் மேலும் பாயவில்லை. செண்பகவடிவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அவள் அப்பாவின் முகம், அவன் போன வீடுகளிலெல்லாம் பார்த்த முகமாக மாறிக்கொண்டிருந்தது. காப்பியை நீட்டினான், அவர் தொடவில்லை. வேறு ஒன்றும் தோன்றாமல், கை நனைத்தால் என்ன ஆகும் என்று தாய்மாமாவிடம் கேட்டான்.

தாய்மாமா நிதானமான மனுஷர். “நனைச்சுட்டா சம்பந்தம் முடிஞ்சதுன்னு அர்த்தம் தம்பி. அதுக்கப்புறம் பேச்சுல மாத்தம் கிடையாது. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் மாத்துனதில்ல” என்றார். பேச்சிமுத்து பெருமையாகத் தலையை ஆட்டினார்.

ஆட்டிவிட்டு எழுந்தார். “நல்லது. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம்.”

தம்பிகள் இருவரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். யாரிடம் சொல்லி அனுப்புவார்கள், எந்த பஸ்ஸில் வருவார் என்று விசாரித்தார்கள். ஞானமுத்து மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. செண்பகவடிவு அதைப் பார்த்தாள்; அவள் சிரிப்பும் நின்றுவிட்டது.

“அப்ப வாரோம்” என்றார் பேச்சிமுத்து.

“வாங்க மாமா, வாங்க” என்று நம்பி அவரை மறுபடி முக்காலியில் உட்கார வைத்துக் காப்பியை நீட்டினான். வருகிறேன் என்று சொல்கிறவரை வேறு என்ன செய்வது?

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சிமுத்து எழுந்து, கிளம்பி, வாசலுக்குப் போய்த் திரும்பி, “வாரோம்” என்றார். வாசல்வரை போனவர் வருகிறேன் என்கிறாரே என்று மூவரும் ஓடிப்போய், கும்பிட்டு, உள்ளே அழைத்து வந்தார்கள். வந்ததற்கு நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்தார்கள். தாய்மாமா மூன்றாவது தரமாகத் தன் பெயரையும் ஊரையும் சொன்னார்.

பேச்சிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று படி இறங்கினார். வெளியே ஓட்டு நுனிக்குக் கீழே, சாரல் படாமல் செருப்புக் கிடந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, குனிந்து, இடது கையால் செருப்பு வாரை மாட்டினார். என்ன கோபம் இருந்தாலும் முறை தெரிந்த மனுஷர். ஒரு வீட்டுக்கு வந்துவிட்டுச் சொல்லாமல் போகலாமா? குனிந்தபடியே, ஊருக்கே கேட்கிற மாதிரி, “போயிட்டு வாரோம்” என்றார்.

சிகாமணி ஒரு லட்டோடு அவர் வாயை நோக்கி ஓடினான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

கடுக்கன் நாற்காலியை விட்டு இறங்கியது. கூப்பிட்டவர் எங்கே என்று பார்த்தது. வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தது. பேச்சிமுத்துவின் பக்கத்தில் நின்று, செருப்பு வாரைப் பிடித்திருந்த கையைப் பார்த்து, காலைத் தூக்கியது.

பேச்சிமுத்து குனிந்தபடியே இருந்தார். நம்பிதான் முதலில் பேசினான், ரொம்பப் பணிவாக.

“மாமா கை நனைச்சுட்டாங்க.”

எல்லோரும் தாய்மாமாவைப் பார்த்தார்கள். அவர் குனிந்து கையைப் பரிசோதித்தார். நனைந்துதான் இருந்தது. “இது பீச்சாங்கை” என்று கத்தினார் பேச்சிமுத்து. “இது எப்படிக் கணக்குல வரும்?” தாய்மாமா அதையும் யோசித்து, சோற்றுக்கை நனைந்தால்தான் முறை என்று ஒப்புக்கொண்டார். பேச்சிமுத்து பெருமூச்சு விட்டு, ஈரக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, அடுத்த செருப்பை வலது கையால் மாட்டக் குனிந்தார்.

ஞானமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். செண்பகவடிவு அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாயைப் பார்த்தாள். அது நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள்.

“வெளியதான் போயிருக்கான்” என்றாள் மெதுவாக. பிறகு அப்பாவின் வலது கையைப் பார்த்துக்கொண்டே, இதுவரை யாரும் சொல்லாத அளவுக்கு அன்பாகச் சொன்னாள்.

“அப்பா, நீங்க முன்னால போயிட்டு வாங்க.”

கடுக்கன் சொன்ன பேச்சைத் தட்டாத நாய். மிச்சம் வைத்திருந்தது.

அதற்குப் பிறகு அங்கே நடந்த கூச்சலில், நம்பி ஆனந்தத்தில் குழாயில் நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டதும், ஞானமுத்து நாய்க்குப் பொறை கொடுப்பதாக நினைத்துத் தாய்மாமா வாயில் ஊட்டியதும் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பேச்சிமுத்து, இரண்டு கையையும் முகத்துக்கு எட்டாத தூரத்தில் நீட்டிப் பிடித்தபடி, தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிகாமணி செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தான். நம்பி அவனை வழியில் மறித்தான்.

“நில்லுடே. கழுவுனா போயிராதா?”

“எது?”

“சம்பந்தம்தான். கை நனைஞ்சிருக்கிறதாலதான அது முடிஞ்சிருக்கு? கழுவிட்டா?”

சிகாமணி பின்வாங்கினான். செம்பைத் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். மறுபடி எல்லோரும் தாய்மாமாவைப் பார்த்தார்கள். அவர் வாயில் இருந்த பொறையை மென்று விழுங்குகிற வரைக்கும் யோசித்தார். கை நனைப்பதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நனைத்ததைக் கழுவுவது பற்றி அவர்கள் குடும்பத்தில் இதுவரை கேள்வி எழுந்ததில்லை. எதற்கும் தாலி ஏறுகிற வரைக்கும் அப்படியே இருப்பது நல்லது என்று தீர்ப்புச் சொன்னார். பேச்சிமுத்து மகளைப் பார்த்தார். அவள் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, முறைன்னா முறைதானேப்பா என்றாள்.

சாரல் வலுத்து ஓட்டுக்குக் கீழேயும் அடித்தது. சிகாமணி பாய்ந்து வந்து அந்த இரண்டு கைகளுக்கும் மேலே குடையை விரித்தான்.

ஞானமுத்து பயந்து பயந்து முகூர்த்தப் பேச்சை எடுத்தான். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எதுவும் செய்ய முடியாது, அதனால் ஆவணியில் ஒரு நல்ல நாளாகப் பார்க்கலாமா என்று கேட்டான். நாள், நட்சத்திரம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ளாத பேச்சிமுத்து, குடைக்கு வெளியே நனைந்தபடி, குடைக்கு உள்ளே இருந்த கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாளும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம்” என்றார். “நாளைக்கு விடியக்காலமே கட்டச் சொல்லு.”